கழுவினால் போகாதது

1

இந்தக் கதை என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் பிறந்தது என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், போகப்போகச் சிரிக்க ஒன்றும் இல்லை. ஒரு நாள் காலையில், காய்கனிகளில் பெர்குளோரேட் என்கிற உப்பு கலந்திருப்பதைப் பற்றிய அறிக்கை ஒன்றைப் படித்தேன். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, நாக்குக்கும் தெரியாது. செடி அதைத் தண்ணீரோடு குடித்து இலையில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அதனால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. படித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். கீரைக் கட்டு பச்சைப்பசேலென்று இருந்தது. சாப்பிடப் பிடிக்கவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

(உடம்புக்குள் அது செய்வதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கதைக்கு நடுவில் பாடம் எடுத்தால் எழுந்து போய்விடுவீர்கள். கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பிக்கு அயோடின் வேண்டும். அயோடின் உட்கார வேண்டிய இடத்தில் இது முந்திக்கொண்டு துண்டு போட்டுவிடும். பெரியவர்கள் ஒருவாறு சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் வயிற்றுக் குழந்தையின் மூளை வளர, தாயின் சுரப்பி ஒழுங்காக வேலை செய்தாக வேண்டும்.)

2

முதல் தொடக்கம்: ஊருக்கு வெளியே அந்தத் தொழிற்சாலையின் புகைபோக்கி கரும்புகையைக்

வேண்டாம். புகைபோக்கியைப் பார்த்த உடனே குற்றவாளியைப் பிடித்துவிட்டு நீங்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவீர்கள்.

இரண்டாவது தொடக்கம்: பண்ணை முதலாளி தங்கப் பல் தெரியச் சிரித்தபடி

இதுவும் வேண்டாம். தங்கப் பல் முதலாளிகளை எழுதி எழுதிக் கை அலுத்துவிட்டது. உண்மையைச் சொன்னால், ஒரு வில்லன் கிடைத்தால் எனக்கும் வசதிதான். தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு தம்பி.

3

அந்தத் தம்பியின் அக்கா உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். வரும் காய்கறியை அரைத்து, வடிகட்டி, கருவிக்குள் செலுத்துவது அவள் வேலை. எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. பையின்மேல் ஓர் எண் மட்டும் இருக்கும்.

அன்று வந்த கீரைக் கட்டில் ரப்பர் வளையத்துக்குப் பதிலாக, சொட்டுநீர்க் குழாயிலிருந்து வெட்டிய கறுப்பு வளையம் ஒன்று இருந்தது. அக்காவுக்குப் பகீரென்றது. அதே வளையங்கள் அவள் சமையலறையிலும் கிடக்கின்றன. தம்பி கொண்டுவந்து தரும் கீரையோடு வந்தவை. கண்ணாடிக்கூரை போட்ட கீரைப் பண்ணையில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்பவன் அவன். தேய்ந்த குழாயைக்கூடத் தூக்கிப் போட மனசு வராது. வளையமாக நறுக்கிக் கட்டுப் போடும் யோசனை அவனுடையது. பண்ணையில் அவனுக்குப் பட்டப்பெயர் 'சுத்தம்'. தொட்டி ஓரத்தில் யாராவது எச்சில் துப்பினால் சண்டைக்குப் போய்விடுவான்.

கருவி காட்டிய அளவு வரம்பை எங்கோ தாண்டியிருந்தது. தன் கைதான் தவறியிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, முதலிலிருந்து மறுபடி செய்தாள். கை தவறவில்லை.

"ரிசல்ட், கீரையை அனுப்பினவங்களுக்கு மட்டும்தான் போகும்" என்றார் கூடத்தின் மேலாளர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. "வீட்ல வாய் தவறிச் சொன்னாக்கூடச் சீட்டு கிழிஞ்சிடும், ஆமா."

[இந்த இடத்தில், வேலை போனால் அக்காவுக்கு வேறு நாதி இல்லை என்று ஒரு பெரிய பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். அவள் வாயைக் கட்டப்போவது வேலை இல்லை என்பது அடுத்த பகுதியை எழுதும்போதுதான் எனக்கே புரிந்தது.]

4

வேலை முடிந்து நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவிக்கு ஏழாம் மாதம். சமையல் மேடையில் சாய்ந்து நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி. டாக்டர் மறுபடியும் தைராய்டு மாத்திரையைக் கூட்டிட்டார். எவ்வளவு குடுத்தாலும் அளவு ஏற மாட்டேங்குதேன்னு அவருக்கே குழப்பம். ரத்தமும் கம்மியாம், கீரை நிறைய சாப்பிடச் சொன்னார்."

"அதான் தினமும் கொண்டு வர்றேன்ல!" என்று உள்ளேயிருந்து தம்பி குரல் கொடுத்தான்.

அக்கா சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஆமா, தொட்டியில என்னடா ஊத்துறே?"

"குளோரின் கிருமிநாசினிதான்க்கா. சும்மா விட்டா குழாய் பூரா பாசி பிடிச்சிடும்."

"புதுசா வாங்கினதா?"

"எதுக்குப் புதுசு? பழைய கேன் எல்லாம் வரிசையா நிக்குது, வீணாக்கச் சொல்றியா? என்ன, வெயில்ல நின்னு நின்னு நெடி குறைஞ்சு போச்சு. அதனால டபுளா ஊத்துறேன். நான் யாரு, விடுவேனா?"

அவன் சிரித்தான். அக்காவால் சிரிக்க முடியவில்லை. (வெயிலில் கிடந்த கிருமிநாசினி வீரியம் குறையக் குறைய, அதற்குள் இந்த உப்பு உண்டாகிறது. வீரியம் குறைந்ததே என்று அள்ளி ஊற்றினால், விஷத்தையும் அள்ளி ஊற்றியதாகிவிடும். சோம்பேறி ஒருவன் அந்த வேலையில் இருந்திருந்தால் இத்தனை ஆகியிருக்காது.)

5

இனி முடிவு.

ஒன்று: அக்கா உண்மையைச் சொல்லவில்லை. "கீரை உனக்கு ஒத்துக்காதும்மா, கொஞ்ச நாள் விட்டுடு" என்று ஏதோ காரணம் சொல்லிவிட்டு வருகிறாள். வீட்டில் கீரை நிற்கிறது. தம்பி தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருக்கிறான், கட்டுகள் கடைக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. வேறு ஏதோ வீட்டில் வேறு ஒருத்தி ஆய்ந்து

இதை என்னால் முடிக்க முடியவில்லை.

இரண்டு: அக்கா காத்திருக்கிறாள். அறிக்கை முதலாளி கைக்குப் போகிறது. முதலாளி தொட்டிக்காரனைக் கூப்பிடுகிறார். அத்தனை பேர் நடுவே தம்பி

இதையும் கிழித்தேன். கேட்கத்தான் வேண்டும் என்றால் அவன் அக்கா வாயால் கேட்கட்டும்.

மூன்று: அக்கா சொல்லிவிட்டாள். சீட்டு கிழிந்தால் கிழியட்டும் என்று, வளையத்திலிருந்து கேன் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். தம்பிக்கு முதலில் விளங்கவே இல்லை.

"நல்லதுக்குத்தானேக்கா ஊத்தினேன்?"

"தெரியும்டா."

"நான் எவ்வளவு பார்த்துப் பார்த்து..." அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஆறடி ஆள் சின்னப் பையனைப் போல முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

அவனை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்ததில், நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். தம்பி மனைவியைச் சமையலறையிலிருந்து வெளியே அனுப்ப மறந்துவிட்டேன். கடைக்கு அனுப்பியிருக்கலாம், தூங்க வைத்திருக்கலாம். அவள் அங்கேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். கீரைக் காம்பு கையில் அப்படியே இருக்கிறது. புருஷனை அவள் பார்க்கவில்லை.

"அண்ணி" என்கிறாள். "குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

'ஆகாதும்மா' என்று எழுதினேன். அக்கா அதைச் சொல்ல மறுத்துவிட்டாள், பொய் என்று அவளுக்குத் தெரியும். 'ஆகும்' என்று எழுதினேன். அதுவும் அவளுக்குத் தெரிந்த விஷயம் இல்லை. இலையில் எவ்வளவு இருக்கிறது என்று அவளுடைய கருவி சொல்லும், வயிற்றுக்குள் என்ன ஆனது என்று சொல்லாது. 'தெரியலை' என்று எழுதினேன். உண்மை அதுதான். ஆனால் தரையில் உட்கார்ந்திருப்பவன் அந்த ஒரு சொல்லை வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கும், அதனால் என் கை அங்கே நின்றுவிட்டது.

அடுப்பில், முன்பே ஆய்ந்து போட்ட கீரை வேகிறது. அதை அணைப்பது என் கையில் இருக்கிறது, அணைத்துவிட்டேன். இதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். அக்காவுக்குத் தெரிந்தது அத்தனையும் இப்போது உங்களுக்கும் தெரியும். தம்பி மனைவி ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு பதிலுக்காக நிற்கிறாள். நீங்கள் சொல்லுங்கள். என்னைப் பார்க்காதீர்கள், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.