பெருகியுள்ளது

வாளியைக் கிணற்றடியில் வைத்துவிட்டு நிமிர்ந்த ஸ்யாமளா, கழுத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். மஞ்சள் சரடு இற்று, ஒரு நுனி தோளில் தொங்கியது. "ஏன்னா, சரடு பெருகிடுத்து. கடைத்தெருவுல புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டு ஆபீசுக்குப் போங்கோ" என்றாள். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த பசுபதிக்குக் கை நின்றுவிட்டது. இருபது வருஷக் குடித்தனத்தில் இந்த வார்த்தையை நாலைந்து தடவையாவது கேட்டிருப்பார். சரடு அறுந்தது என்று எந்த வீட்டிலும் வாய்விட்டுச் சொல்வதில்லை, பெருகியது என்பார்கள். வளையல் உடைந்தாலும் அப்படித்தான். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. ஆனால் அன்றைக்கு அவருடைய கைப்பையில், ஐந்து வருஷத்துக்கு முன் அவரே எழுதிய அறிக்கை இருந்தது. அதன் ஏழாவது பத்தி அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

சரடு வாங்கிக் கொடுத்துவிட்டு, பழங்காநத்தத்தில் பஸ் ஏறினார். பரவைக்கு அந்தப்பக்கம் அரசாங்கம் அமைத்த தொழிற்பேட்டைக்குத்தான் அன்று போக வேண்டும். கதவுக் கீலும் தாழ்ப்பாளும் செய்கிற இருபத்திரண்டு ஷெட்டுகள். ஒரே சாமான் செய்கிறவர்களை ஒரே இடத்தில் உட்கார வைத்தால் தொழில் தானாக வளரும் என்பது திட்டம். வளர்ந்ததா என்று பார்த்து எழுதுவது பசுபதியின் உத்தியோகம். எழுபத்தேழில் ஒரு தடவை பார்த்து எழுதிவிட்டார். இன்னும் நாற்பது ஷெட் கட்டலாமா என்று மேலிடம் கேட்டதால், இப்போது இரண்டாவது தடவை அனுப்பியிருக்கிறார்கள்.

ஏழாவது பத்தி உற்பத்தியைப் பற்றியது. பெருகியுள்ளதா, குறைந்துள்ளதா, நின்றுவிட்டதா என்று பாரத்தில் அச்சடித்தே இருக்கும். ஒன்றில் குறி போட்டால் போதும். எழுபத்தேழில் போனபோது பதினாலாம் நம்பர் ஷெட்டுக்காரன் இல்லை. அவன் பெண்டாட்டி முத்துத்தாய்தான் வாசலில் நின்று பதில் சொன்னாள். உள்ளே தகடு அழுத்துகிற பிரஸ் மிஷின் மஞ்சள் குங்குமத்தோடு இருந்தது. உற்பத்தி எப்படிம்மா என்று கேட்டார். "மாசியில பெருகிருச்சுங்கய்யா" என்று அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். பாரத்தில் இருந்த வார்த்தையே வாயில் வந்து விழுந்தால் எந்த அதிகாரிதான் மேற்கொண்டு கேட்பான்? பசுபதி சந்தோஷமாகக் குறி போட்டார். ஓரத்தில், மாசி முதல், என்றும் எழுதினார். ஒரு நடை உள்ளே போய்ப் பார்த்திருக்கலாம். வெயில்.

நின்றுபோன ஷெட்டுகளுக்கு அரசாங்கமே புது மிஷின் கொடுத்தது. பதினாலுக்குக் கிடைக்கவில்லை. நாலு மாசம் கழித்து அவள் புருஷன் காசிமாயன் மனுவோடு ஆபீசுக்கு வந்தான். பேட்டைக்கு நிலம் கொடுத்து, அதற்குப் பதிலாக ஷெட் வாங்கியவன். நல்ல உயரம், வெளுத்த சட்டை. பசுபதி காகிதக் கட்டை எடுத்து அவனுக்கே வாசித்துக் காட்டினார். "பெருகியிருக்குன்னு உங்க வீட்டம்மாவே சொல்லியிருக்காங்களேப்பா." அவன் அந்த வரியில் விரலை வைத்தான். "அது அந்தப் பெருகினது இல்லீங்கய்யா" என்றான். "பெருகினதுல எத்தனை தினுசுப்பா இருக்கு?" என்று பசுபதி கேட்க, சுற்றியிருந்த நாலு மேஜையும் சிரித்தது. காசிமாயன் மனுவை எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். அந்த முதுகு ஐந்து வருஷமாகப் பசுபதியை விடவில்லை. சாப்பிட உட்காரும்போது வரும், கோயில் வரிசையில் நிற்கும்போது வரும். ஏன் வருகிறது என்று இத்தனை நாள் அவருக்கே தெரியாது.

இப்போது பேட்டையில் வேப்பங்கன்றுகள் மரமாகியிருந்தன. பாதி ஷெட்டுகளில் பூட்டுத் துருவேறிக் கிடந்தது. பதிமூன்றில் லேத்து ஓட்டுகிற மொக்கைச்சாமி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"பதினாலா சார்? தெனமும் தொறக்கும். சத்தமும் கேக்கும். சரக்கு மட்டும் ஒண்ணு வெளிய வந்து நான் பாத்ததில்ல."

"யார் இருக்கா உள்ள?"

"அந்தம்மாதான். எங்க பயலுக சாயங்காலமானா அந்தப் பக்கம் போகமாட்டானுக" என்று சொல்லிவிட்டு, பசுபதி கேட்கக் கூடாததைக் கேட்டுவிடுவாரோ என்பதுபோல் உள்ளே போய்விட்டார்.

முத்துத்தாய் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். "வாங்கய்யா. மொதல்ல வந்த ஐயாதான?" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். தலை முழுக்க நரைத்திருந்தது. தரை பெருக்கி, தண்ணீர் தெளித்து, மிஷினுக்குப் பூ வைத்திருந்தது. பசுபதி இந்தத் தடவை கிட்டே போய்ப் பார்த்தார். வார்ப்பிரும்பு உடம்பில் மேலிருந்து கீழாக, விரல் நுழைகிற அகலத்துக்கு விரிசல். அதன் மேலேயும் யாரோ மஞ்சள் பூசியிருந்தார்கள்.

"அம்மா, தப்பு என்னுது. நீங்க சொன்னது எனக்கு அன்னிக்குப் புரியலை. இன்னிக்கு ஒரே ஒரு வார்த்தை, உடைஞ்சு போச்சுன்னு உங்க வாயால சொல்லுங்க. எழுதி, கைநாட்டு வாங்கிண்டு போறேன். புது மிஷின் வரும்."

"தொழில் செஞ்சு சோறு போட்டதுய்யா. அத எப்பிடி அப்பிடிச் சொல்றது?"

"சொன்னாத்தான் எழுத முடியும்."

"அவரு வரட்டும். அவரு சொல்லட்டும்" என்றாள்.

காசிமாயன் எங்கே என்று கேட்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது பசுபதிக்கு.

"ஒங்க ஆபீசுக்குத்தான்யா போனாரு. மனுக் குடுத்துட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனாரு. இந்த ஐப்பசி வந்தா அஞ்சு வருசம்." அழாமல்தான் சொன்னாள். "ஊரு ஊரா ஆள் விட்டுப் பாத்தாச்சு. மிஷினு கெடக்குதே, வந்து பாத்தா வருத்தப்படுவாரேன்னு தெனமும் வந்து துருப்புடிக்காமச் சுத்தி விடுறேன்."

சொல்லிக்கொண்டே மிஷின் சக்கரத்தில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். ஆள் உயரச் சக்கரம், முதலில் முனகி, பிறகு சுழன்றது. மேலிருந்த இரும்பு இறங்கி, அடியில் தகடு இல்லாமல் சும்மா மோதிவிட்டு ஏறியது. மொக்கைச்சாமி சொன்ன சத்தம் இதுதான்.

"மிஷினு கெடக்கட்டும்யா. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும்" என்றாள். "அன்னைக்கு ஆபீசுல அவருகிட்ட என்ன சொன்னாங்க? நீங்க இருந்தீங்களா? எம்மேல ஏதும் கோவத்துல, சடவுல போயிட்டாரோன்னுதான் மனசு கெடந்து அடிச்சுக்கிருது. அப்பிடி நான் ஒண்ணும் பண்ணலையேய்யா."

பசுபதி பாரத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார், திறந்தார். நீ சொன்ன வார்த்தையைத்தான் அவனுக்கு வாசித்துக் காட்டினேன் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் படியிறங்கினால் அந்த முதுகோடு இந்த முகமும் கூடவே வரும். சக்கரம் தன் கனத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அது நிற்கட்டும், நின்றதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். முத்துத்தாய் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேகம் குறையும்போதெல்லாம், பார்வையை எடுக்காமலே கையை நீட்டி, சக்கரத்தை மறுபடியும் ஒரு தள்ளு தள்ளினாள்.