காலைக் காட்டுங்க, அண்ணே

மாலை ஆறரைக்கு முதல் லாரி விடுதிக்குள் நுழைந்தபோதே கிளினிக் வாசலில் இருபது பேர் காத்திருந்தார்கள். லாரியிலிருந்து இறங்கியவர்களில் பாதிப் பேர் குளிக்கக்கூடப் போகாமல் நேராக வரிசைக்கு வந்தார்கள். சிமெண்ட் படிந்த பூட்ஸ்களின் தடம் நடைபாதை முழுக்க வெளுத்துக் கிடந்தது. சிங்கப்பூரின் வடக்கே, ஈசூனைத் தாண்டித் தொழிற்பேட்டைக்குள் இருந்த அந்த விடுதியில் நான்காயிரம் தொழிலாளர்கள். அவர்களுக்கு ஒரு நர்ஸ், மருந்து எடுத்துக் கொடுக்க ஒரு பையன், கணினித் திரையில் தெரியும் ஒரு டாக்டர்.

நர்ஸ் பவித்ரா தர்மபுரிக்காரி. சிங்கப்பூருக்கு வந்து ஆறு வருஷம். ஓர் ஆளுக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்று கிளினிக்கை நடத்தும் நிறுவனம் சொல்லியிருந்தது. அப்படி எழுதிய தாளை அவளுடைய மேசைக்கு எதிரிலேயே ஒட்டியிருந்தார்கள்.

மூலையில் ஒரு ஸ்டூலில் தர்ஷனா உட்கார்ந்திருந்தாள். பகலில் அரசாங்கப் பாலிகிளினிக்கில் நர்ஸ். புதன்கிழமை மாலைகளில் விடுதி கிளினிக்குகளுக்குப் போய் அங்கிருக்கும் நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுப்பாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒருவரையொருவர் சிஸ்டர் என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். சர்க்கரை நோயாளிகளின் கால்களைச் சோதிப்பதை எட்டு வாரமாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். பிளாஸ்டிக் பிடியில் செருகிய ஒரு நைலான் இழை, அவ்வளவுதான் கருவி. பாதத்தில் பத்து இடங்களில் இழை வளையும் அளவுக்குத் தொட வேண்டும். நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரியும்போதெல்லாம் சொல்ல வேண்டும்.

எவ்வளவு அழுத்துவது என்று பவித்ராவுக்கு முதலில் பிடிபடவில்லை. வாரத்தில் கிடைத்த ஒரே விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில், தொழிலாளர்கள் கூடும் லிட்டில் இந்தியாவுக்குப் போனாள். சாப்பாட்டுக் கடைகளுக்குப் பின்னால் புல்தரையில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் ஆண்களிடம் கூச்சத்தை விட்டுக் காலைக் காட்டச் சொல்லிக் கேட்டாள். சிரித்தவர்கள் உண்டு, எழுந்து போனவர்களும் உண்டு. மூன்று ஞாயிறுகளில் அறுபது கால்களைப் பார்த்துவிட்டாள்.

இன்று பயிற்சியின் கடைசி நாள், தேர்வு. தர்ஷனா வாயைத் திறக்கக் கூடாது. பார்த்துவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒன்பதாவது ஆளாகக் கதிரேசன் உள்ளே வந்தார். ஆலங்குடிப் பக்கம் சொந்த ஊர். கம்பி கட்டும் வேலை, வயது நாற்பத்து நான்கு.

"ரெண்டு நாளா காய்ச்சல் சிஸ்டர். மாத்திரை மட்டும் குடுங்க, போதும்."

பவித்ரா விரலில் குத்தி ரத்தம் எடுத்தாள். சர்க்கரை பத்தொன்பது என்று கருவி காட்டியது, ஊர்க் கணக்கில் முந்நூற்று நாற்பது. ஏழுக்குள் இருந்திருக்க வேண்டும்.

"சுகர் மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"தீந்து ஒரு மாசமாச்சு. இந்த வரிசையப் பாத்தா வர மனசு வரல."

"காலைக் காட்டுங்க, அண்ணே."

"காய்ச்சலுக்குக் கால எதுக்குங்க? வெளிய நாப்பது பேரு நிக்கிறான்."

"நிக்கட்டும்."

அவர் அசையவில்லை. பவித்ரா தரையில் மண்டியிட்டு அவருடைய பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள். வலது காலுறை பாதத்தோடு ஒட்டியிருந்தது. உப்புத் தண்ணீரை ஊற்றி ஊறவைத்து மெல்ல உரித்தபோது நாற்றம் அறை முழுக்கப் பரவியது. சுண்டுவிரலுக்குக் கீழே கறுத்த ஒரு துளை. அதைச் சுற்றிப் பாதம் வீங்கிப் பளபளத்தது. அவள் பூட்ஸுக்குள் கையை விட்டாள். அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆணி நீட்டிக்கொண்டிருந்தது.

"எப்பண்ணே குத்துச்சு?"

"என்ன குத்துச்சு?"

தர்ஷனா ஸ்டூலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ண மூடுங்க. தொடுறது தெரிஞ்சா 'ம்'னு சொல்லுங்க."

அவர் கண்ணை மூடினார். புண்ணை விட்டு விலகி, பவித்ரா கட்டைவிரலிலிருந்து ஒவ்வோர் இடமாகத் தொட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. இழை வளைந்து நிமிர்ந்தது. ஏழாவது இடத்தையும் தொட்டு எடுத்தாள்.

கதிரேசன் கண்ணைத் திறக்காமலே சொன்னார், "ஆரம்பிங்க சிஸ்டர்."

பவித்ரா இழையை மேசையில் வைத்தாள். பிறகு எழுந்து திரையில் இருந்த டாக்டர் இஸ்மாயிலிடம் நாலே வரியில் சொல்லி முடித்தாள். அவர் மறுகேள்வி கேட்கவில்லை. "இப்பவே ஹாஸ்பிடல். லெட்டர் அனுப்புறேன்."

"கம்பெனியக் கேக்காம போனா பிரச்சனையாயிடும்," என்றார் கதிரேசன். குரல் இறங்கிவிட்டது. "ரகுபதி சார்கிட்ட ஒரு வார்த்த..."

ரகுபதி அவருடைய சூப்பர்வைசர். பவித்ரா அவரைப் போனில் கூப்பிட்டாள்.

"கட்டுப் போட்டு அனுப்புங்க லா," என்றார் அவர், சிங்கப்பூர்க்காரர்களின் 'லா'வோடு. "நாளைக்கு கான்கிரீட் போடுறோம், ஆள் பத்தல. வெள்ளிக்கிழம நானே கூட்டிட்டுப் போறேன்."

"வெள்ளிக்கிழம வரைக்கும் இந்தக் கால் தாங்காது சார்."

"நீங்க நர்ஸ்தானே?"

தர்ஷனா எழுந்து, போனைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லிக் கையை நீட்டினாள். பவித்ரா தலையசைத்து மறுத்தாள்.

"ஆமா சார், நர்ஸ்தான். புண்ணு, காய்ச்சல், சுகர், ஆணி, எல்லாத்தையும் நேரத்தோட எழுதிட்டேன். டாக்டர் போகச் சொல்லிட்டாரு. நீங்க வேணாம்னு சொன்னா அதையும் எழுதணும். எழுதவா?"

கலவை இயந்திரம் சுற்றும் சத்தத்துக்கு மேலே ரகுபதியின் குரல் வந்தது.

"டாக்ஸியக் கூப்பிடுங்க லா."

வரிசை முணுமுணுத்தது. தர்ஷனா படிவத்தை மேசையில் வைத்துவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டாள். "அடுத்து யாரு? வாங்க," என்று இரண்டாவது நாற்காலியை இழுத்துப் போட்டாள். கடைசி ஆளும் போனபின் இருவரும் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றார்கள்.

"நானா இருந்தா காய்ச்சலுக்கு மட்டும் பாத்து அனுப்பியிருப்பேன், சிஸ்டர்," என்றாள் தர்ஷனா. "உண்மையாத்தான் சொல்றேன்." பிறகு கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலையில் சுண்டுவிரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் இஸ்மாயிலுக்கு எழுதியிருந்தார்கள். அந்த வரியை அவர் பவித்ராவுக்குப் படித்துக் காட்டினார். தர்ஷனா அதே சோதனையை மற்ற ஐந்து விடுதிகளின் நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பவித்ராவையும் அழைத்துப் போகத் தொடங்கினாள். ஆறு நிமிடத் தாள் மட்டும் சுவரிலேயே இருந்தது.

நாலாவது வாரம், ஒரு மத்தியானம், கதிரேசன் கிளினிக்குக்கு வந்தார். ஒரு கையில் ஊன்றுகோல், மறுகையில் கயிறு சுற்றிய அட்டைப்பெட்டி.

"சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன் சிஸ்டர். வொர்க் பெர்மிட்ட கேன்சல் பண்ணிட்டாங்க. ஊருக்கு அனுப்புறாங்க."

"வேலையில பட்ட காயம்ணே. நஷ்டஈடு குடுக்கணுமே."

"சுகராலதான் விரல் போச்சாம். ஆணியால இல்லையாம். நேத்தே கையெழுத்து வாங்கிட்டாங்க."

பவித்ரா அன்று எழுதிய பக்கத்தைத் தேடி எடுத்து அச்சடித்தாள். அதோடு, தொழிலாளர்களுக்காக வழக்குப் பார்க்கும் ஒரு சங்கத்தின் எண்ணையும் எழுதிக் கொடுத்தாள். "ஊருக்குப் போனாலும் பேசுங்க. விட்டுடாதீங்க." தாளை நாலாக மடித்து அவளே அவர் சட்டைப்பைக்குள் வைத்தாள். கும்பிட இரண்டு கையும் காலியாக இல்லாததால் தலையை மட்டும் தாழ்த்தினார்.

வாசலில் வேன் வந்து நின்றது. விமான நிலையத்திலிருந்து அவருடைய கம்பெனிக்குப் புதிதாக வந்த ஏழு பேர் இறங்கினார்கள். டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏர்போர்ட் ஆள் யாரு?" என்றான். புதியவர்களில் ஒருவன் ஓடிவந்து பெட்டியை வாங்கி ஏற்றினான்.

"இங்க வேலை எப்படிண்ணே?"

"வேலை நல்ல வேலைதாம்பா," என்று சொல்லிவிட்டுக் கதிரேசன் ஏறி, காலி இருக்கையின் மேல் காலை நீட்டிக்கொண்டார்.

வேன் போனதும் அந்த ஏழு பேரும் முதல் பரிசோதனைக்காகக் கிளினிக் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். பவித்ரா நைலான் இழையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"எல்லாரும் ஷூவைக் கழட்டுங்க."

ஏழு பேரும் குனிந்தார்கள். பெட்டியைத் தூக்கியவனின் ஷூ கழன்று சாய்ந்தது. அடியில் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது.