அது மாதிரியே ஒரு கிட்டார்

லிஃப்ட் மெக்கானிக்கின் கிட்டாருக்குள் மழை பெய்யும். வாங்கி வந்த வாரமே முதல் மழை பெய்தது. வெளியே பளீரென்று வெயில், மேல்மாடிக்காரர்கள் துணி காயப்போட்டிருந்தார்கள். கூடத்து நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த கிட்டாரின் வயிற்றுக்குள் மட்டும் சடசடவென்று தூறி, அதன் முகப்பில் வளைத்து வெட்டியிருந்த இரண்டு துளைகள் வழியாகத் தண்ணீர் சொட்டியது. புது கிட்டாரைப் பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு டிரம்ஸ்காரர், சுவருக்குள் குழாய் உடைந்துவிட்டதோ என்று தட்டிப் பார்த்தார். மெக்கானிக்கின் மனைவிதான் கிட்டாரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "மழைங்க, உள்ள பெய்யுது," என்று சொல்லி, துணி அலசும் பேசினைக் கொண்டுவந்து அடியில் வைத்தாள். மறுநாளே மெக்கானிக் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார். கடைக்காரர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். மேகம் சின்னதுதான், ஆனால் நல்ல மேகம் என்றார். "விலைக்கு ஏத்த மாதிரிதான் சார் இருக்கும். ஒயர்ல தண்ணி படாம ஒரு ரப்பர் ஷீட் போட்டுத் தர்றேன்," என்றார். அதற்கு மேல் அவரிடம் என்னத்தை எதிர்பார்ப்பது?

மெக்கானிக் ஆசைப்பட்டது இதற்கல்ல. அதே கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிவப்பு கிட்டார் தொங்கியது. பாதி வெற்றிடம், பாதி கட்டை என்று செய்யப்பட்ட பழைய பேர்போன ரகம். நடுவில் நீளவாக்கில் ஒரு கட்டை ஓடும், இரண்டு பக்கமும் காலி. காலியாக இருப்பதால் குரலில் ஒரு குளுமை வரும். கட்டை இருப்பதால் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றாலும் ஊளையிடாது. பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் அதைத்தான் வாசித்தார்கள். அந்த விலைக்கு ஒரு வீட்டுக்கு லிஃப்டே மாட்டிவிடலாம் என்று டிரம்ஸ்காரர் கேலி செய்வார். பகலெல்லாம் லிஃப்ட் குழிக்குள் கிரீஸ் பூசிவிட்டு, வாரக் கடைசியில் ஓட்டல் மேடையில் வாசிக்கிற மனிதருக்கு அது எட்டாக்கனி. ஆகவே அது மாதிரி ஒன்றைத் தேடி ஊரிலிருந்த கடைகளையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தார். ஒன்று முழுக்க முழுக்க வெற்றிடம், ஆம்ப்ளிஃபயரைத் திருகினாலே ஊளையிட்டது. இன்னொன்றின் கைப்பிடி உலக்கைத் தடிமன். பழையது ஒன்று மலிவாக வந்தது, அதன் தலை உடைந்து பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். கடைசியில் அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு கம்பெனி செய்த பழுப்பு நிறக் கிட்டார் கைக்கு அடக்கமாக அமைந்தது. இருந்தாலும் மனசு சிவப்பிலேயே நின்றது.

அதை வாங்கிய அன்றைக்கு மனைவியையும் கடைக்கு வரச் சொல்லியிருந்தார். அவள் ரெடிமேட் சட்டைக் கம்பெனியில் பட்டன் துளை தைக்கிறவள். வேலை முடிந்து, மேலெல்லாம் நூல் பிசிறோடு, டிபன் டப்பாவும் கையுமாக வந்தாள். அவளை ஒரு ஸ்டூலில் சுவரைப் பார்க்க உட்காரவைத்து, சிவப்பையும் பழுப்பையும் மாற்றி மாற்றி வாசித்தார். எத்தனை முறை மாற்றினாலும் அவள் பழுப்பு ஒலித்தபோதுதான் கையைத் தூக்கினாள். "இதுதாங்க. அது நல்லா சத்தம் போடுது. இது நம்மகிட்ட பேசுது," என்றாள். மெக்கானிக்குக் கண் கலங்கியது. பாவம், கையில் இருப்பது எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும், நான் வருத்தப்படக் கூடாதென்று சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். விலை குறைந்தது எது என்று பார்த்து அவள் கையைத் தூக்கியிருந்தால் அப்படி நினைக்கலாம். முதுகைக் காட்டி உட்கார்ந்தவளுக்கு எந்தக் கிட்டார் ஒலிக்கிறது என்று எங்கே தெரிந்தது? இந்தச் சின்னக் கணக்கு அந்தப் புத்திசாலிக்கு உதிக்கவில்லை.

உதிக்காததற்கு வேறொரு காரணமும் உண்டு. அவருக்கு முதலில் பேசி முடித்தது இவளுடைய அக்காவை. அக்கா நல்ல நிறம், நன்றாகப் பாடுவாள். கடைசி நேரத்தில் எனக்கு இந்த ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டாள். இரண்டு வீட்டாரும் கைபிசைந்து நின்றபோது தங்கையை உட்காரவைத்தார்கள். அவள் மறுக்கவில்லை, மறுக்காததற்குக் காரணம் பயம் இல்லை, அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒருநாள் ஒத்திகையின்போது கூடத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, "நமக்கு எப்பவும் ரெண்டாவதுதான் மாப்ள வாய்க்குது," என்று டிரம்ஸ்காரரிடம் கிட்டாரைக் காட்டிச் சொன்னார். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, மனைவி வாசற்படியில் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் தட்டை வைத்துவிட்டு, பேசினை எடுத்துவந்து கிட்டாருக்கு அடியில் வைத்தாள். அப்போதே தூறல் ஆரம்பித்திருந்தது.

மழைக்கு என்ன காரணம் என்பதை முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான். கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உறையைத் திறந்ததும், ஒரு கம்பியைத் தொடுவதற்கு முன்பே, கருவிக்காக மன்னிப்புக் கேட்டுவிடுவார்கள். "இது ஒரிஜினல் இல்ல, அது மாதிரி ஒண்ணு. ஒரிஜினல் வாங்குற வரைக்கும் சும்மா வச்சிருக்கேன்." இப்படி அவர் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே இருட்டிக்கொண்டு வரும். கடுமையாகச் சொன்னால் ஸ்பீக்கரில் இடியே கேட்கும். "அதோட காதுபட சொல்லாதீங்க," என்று மனைவி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். "அட, கட்டைக்கு ஏது காது?" என்பார். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தான் தேர்ந்தெடுத்தது நல்லதுதான் என்று அவர் வாயால் ஒரு தடவை வர வேண்டும். பெரிய ஆசை என்று இதைச் சொல்ல முடியுமா?

ஒரு கோடையில் குழாயில் காற்றுகூட வரவில்லை, தண்ணீர் லாரியும் வரவில்லை. அப்போதுதான் தெருவுக்கு இந்தக் கிட்டாரின் அருமை தெரிந்தது. விடிந்ததும் குடங்கள் வாசல் வரை வரிசை கட்டும். "அண்ணே, நாலு வார்த்தை நல்லா திட்டுங்கண்ணே, துணி துவைக்கணும்," என்று கெஞ்சுவார்கள். மெக்கானிக்கும் கூட்டத்தைக் கண்டால் சும்மா இருக்கிற ஆள் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று, தகரம் என்பார், போலி என்பார், கதியில்லாமல் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்பார். தெரு சிரிக்கும், குடம் நிறையும். குடிநீர் அதிகாரி ஒருவர் வந்து, துளை வழியாக எட்டிப் பார்த்து, ஒரு வாய் குடித்துவிட்டு, இது தனியார் மழை, எங்கள் பொறுப்பில் வராது என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவி எல்லோருடைய குடத்தையும் பிடித்து நிரப்பிக் கொடுப்பாள். தன் குடத்தை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த அடிபம்புக்கு நடப்பாள். "வீட்டுல ஊத்தெடுக்குது, இவ்வளவு தூரம் போவானேன்?" என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரியிடம், "அந்தத் தண்ணி எனக்கு ஒத்துக்கலக்கா," என்றாள்.

வருஷங்கள் ஓடின. மகள் பிறந்து, வளர்ந்து படித்து, வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். குழாயில் தண்ணீர் வந்தது, குடங்கள் போய்விட்டன. மழையும் குறைந்தது, சடசடவென்று பெய்தது தூறலாகி, தூறல் ஈரக்கசிவாகி, பேசின் பழையபடி துணி அலசப் போனது. பொருள் பழகிவிட்டது, அதனால் சரியாகிவிட்டது என்று மெக்கானிக் நினைத்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கம்பெனி மொத்தமாகக் கொடுத்ததில் சிவப்புக் கிட்டாரை வாங்கியே விட்டார். மனைவி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அது வந்து இறங்கியதும் துடைத்து வைக்க மெத்தென்ற துணி ஒன்றை ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் குளித்துக்கொண்டிருந்தார். கூடத்தில் கிட்டார் ஒலித்தது. இத்தனை வருஷம் கூடவே இருந்த தோஷத்தில் டிரம்ஸ்காரருக்கும் கொஞ்சம் வாசிக்க வரும். அந்தக் குரலைக் கேட்டதும் மெக்கானிக்கின் மேலெல்லாம் சிலிர்த்தது. இளம் வயதிலிருந்து தலைக்குள் கேட்டுக்கொண்டிருந்த குரல், அச்சு அசல் அதுவே. சோப்பு நுரையோடு, "பாத்தியா மாப்ள! ஒரிஜினல்னா ஒரிஜினல்தான்யா!" என்று உள்ளேயிருந்து கத்தினார். துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து பார்த்தால் டிரம்ஸ்காரரின் மடியில் பழுப்புக் கிட்டார் இருந்தது. சிவப்பு, மெத்தென்ற துணி போர்த்தியபடி, சுவரோரம் சும்மா நின்றது. டிரம்ஸ்காரர் நல்ல மனுஷர், கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்.

மெக்கானிக் ஈரத் தலையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் ஸ்டூலும் சுவரும் மனைவியின் முதுகும் அவர் நினைவுக்கு வந்தன. கிட்டாரை மடியில் எடுத்து வைத்து, நீ நல்ல கிட்டார், என் கிட்டார், நான்தான் மடையன் என்றார். அது சும்மா இருந்தது. ஒருவேளை இது அதற்குப் புரியாத பாஷையோ என்று பயந்து, பழைய வசவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். தகரம் என்றார். போலி என்றார். கவிழ்த்துக் குலுக்கினார். கொஞ்சம் தூசி விழுந்தது, அவ்வளவுதான்.

மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து தலையணை உறைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"அன்னைக்குக் கடையில நீ நிஜமாத்தான் சொன்னியா?"

"நிஜமாத்தான் சொன்னேன்."

"காசு இல்லன்னு சொல்றியோன்னு நெனச்சிட்டேன்."

"தெரியும்," என்றாள்.

"இது நல்ல கிட்டார்மா. நீ நல்லதைத்தான் எடுத்துக் கொடுத்திருக்க. நீயும்…" என்று ஆரம்பித்தவருக்கு அதற்கு மேல் வரவில்லை. கிட்டாரை நீட்டி, "பாரேன், எவ்வளவு திட்டியும் ஒரு சொட்டு வரல," என்றார்.

அவள் பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, கிட்டாரின் துளைக்குள் ஒரு விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். விரல் காய்ந்தே வெளியே வந்தது.

"வராதுங்க," என்றாள். கோபமாக இல்லை, பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வது மாதிரிதான் சொன்னாள். "எனக்கும் அழுகை நின்னுபோய் ரொம்ப வருஷமாச்சு."

சிவப்புக் கிட்டாரை வேறொருவர் வாங்கிக்கொண்டு போனார். மெக்கானிக் பழுப்பையே வைத்துக்கொண்டு, சாயங்காலங்களில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து வாசிக்கிறார். இப்போது ஆரம்பிப்பதற்கு முன் மன்னிப்புக் கேட்பதில்லை. இதுதான் நல்ல கிட்டார் என்று சொல்லிவிட்டுத்தான் கம்பியைத் தொடுகிறார். கிட்டார் நன்றாகவே ஒலிக்கிறது. அவளும் தையலை நிறுத்தாமல், நல்லா இருக்குங்க என்கிறாள். அவர் வாசித்து முடித்ததும் தினமும் துளையில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்கிறார். அந்தத் தெருவில் அதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.