சிவப்புக் கரை

விடுதிக்காரம்மா குடிக்கத்தான் தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து, இருப்பதிலேயே நல்ல கண்ணாடி டம்ளராகத் தேடிக் கொடுத்தாள் தையல்காரி. அந்த அம்மாவோ மாதிரிக்குத் தைத்த தலையணை உறையின் மூலையை அதில் முக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

வெள்ளை உறை, சிவப்புக் கரை. தையலில் குறை சொல்ல இனிமேல்தான் ஆள் பிறந்து வரவேண்டும். ஆனால் துணி அவள் வாங்கியதில்லை, கொழுந்தன் வாங்கியது. பொம்பளை போனால் தலையில் கட்டிவிடுவார்கள் என்று சொல்லித் தொழில் தொடங்கியதிலிருந்து அவனேதான் கடைவீதிக்குப் போகிறான். இந்தத் தடவை கொள்ளை மலிவு என்று மீசையை வேறு நீவிக்கொண்டான்.

விடுதியின் அத்தனை அறைக்கும் உறை. வேலை கிடைத்தால் முன்னறையில் மிஷின் மிதிக்கும் இரண்டு பெண்களும் நிலைப்பார்கள். இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். அது தெரிந்தோ என்னவோ, இரண்டு மிஷினும் ஒன்றாக வாயை மூடிக்கொண்டன.

கொழுந்தன்தான் ஊர்க்கதை, உலகக்கதை என்று அளந்துகொண்டிருந்தான். அவன் பேசப் பேச, உறையின் மூலையிலிருந்து இளஞ்சிவப்பாக ஏதோ ஒன்று வெட்கத்தோடு இறங்கித் தண்ணீரில் பரவியது.

"புதுத் துணி பாருங்க, முதல் தண்ணியில கொஞ்சம் விடும். அப்புறம் நீங்க கெஞ்சினாலும் விடாது. அப்படித்தானே அண்ணி?"

ஆமாம் என்றால் வீட்டில் சண்டையில்லை. ராத்திரி சோறும் நிம்மதியாக இறங்கும். அவள் உறையைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்தாள்.

"இல்ல தம்பி, விட்டுக்கிட்டேதான் இருக்கும்." பிறகு விடுதிக்காரம்மாவிடம் திரும்பினாள். "இந்தத் துணியில நான் தைச்சுத் தர மாட்டேங்கம்மா."

உறையோடு சேர்ந்து கொழுந்தனின் சாயமும் வெளுத்தது.

"துணி வாங்குறது யாரு?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இதுவரைக்கும் இவரு. இனிமே நான்."

விடுதிக்காரம்மா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. வேறு துணியில் தைத்து எடுத்து வரட்டும், தன் வீட்டிலும் டம்ளர் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் தையல்காரியே ஜவுளிக்கடைப் படியேறினாள். வீட்டு ஆம்பளை வரவில்லையா என்று கேட்டார் கடைக்காரர். அவள் பையிலிருந்து டம்ளரை எடுத்து வைத்துத் தண்ணீரை ஊற்றினாள்.

"தாகமாம்மா?"

"எனக்கில்லீங்க. உங்க துணிக்கு."