பேசாத மச்சான்களின் இன்ஜின்

"பச்சை ஓடுற இன்ஜின்ல சிவப்பை ஊத்தியிருக்கான்! உன் தம்பிகிட்ட ஏன்னு கேளு!"

"முதலாளி குடுத்ததைத்தான் ஊத்தினேன்னு அந்தாளுகிட்ட சொல்லுக்கா!"

இருவருக்கும் நடுவே கை எட்டும் தூரந்தான். ஆனாலும் சண்டை அக்கா வழியாகத்தான் போய்வந்தது. ஐஸ் கம்பெனியில் பகல் இன்ஜின்காரர் அவள் புருஷன். இரவு இன்ஜின்காரன் அவள் தம்பி. அவளுக்கு அங்கேயே ஐஸ் உடைக்கும் வேலை. இரவல் போன சைக்கிள் ஒன்று கோணல் சக்கரத்தோடு திரும்பி வந்த நாளிலிருந்து மச்சான்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஷிப்ட் மாறும்போதுகூட ஒருவர் வெளியேறிய பிறகுதான் மற்றவர் நுழைவார்.

வேலையில் மட்டும் இருவரும் ஒரே அச்சு. டீசலைத் துணியில் வடிகட்டாமல் ஊற்ற மாட்டார்கள். ஆயிலை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்க்காமல் விட மாட்டார்கள். இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட்டில்தான் கோட்டை விட்டார்கள். பச்சை தீர்ந்துவிட்டதென்று முதலாளி மலிவாக ஒரு சிவப்பு வாங்கித் தம்பியிடம் கொடுத்தார். மிச்சப் பச்சையைப் புருஷன் தன் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். பகலெல்லாம் பச்சை, இரவெல்லாம் சிவப்பு. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டால் கிரீடம் இறங்கிவிடுமே!

சண்டை வந்த அன்று மதியம் இன்ஜின் சத்தம் நின்றது. எங்கள் தெருப் பாத்திரங்கள் எல்லாம் அதன் அதிர்வில்தான் வருஷக்கணக்காக நடுங்கிக்கொண்டிருந்தன. காது அடைத்துவிட்டதோ என்று பயந்து எல்லோரும் ஷெட்டுக்கு ஓடினோம். அங்கேதான் அக்காவை நடுவில் நிறுத்தி அந்தப் பச்சை சிவப்புச் சண்டை.

முதலாளி வாசலில் நின்று சொன்னார்: "சாயந்தரத்துக்குள்ள ஓடலைன்னா ரெண்டு பேருக்கும் வேலை இல்லை."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள். ரேடியேட்டர் குழாயைக் கழற்றி விரலை விட்டாள். வந்தது தண்ணீர் அல்ல, பச்சையும் சிவப்பும் கலந்து திரிந்த பழுப்புக் கூழ். அறையளவு இரும்பு இந்தப் பிடிக் கூழுக்கா மூச்சு முட்டி நின்றது?

புருஷன் மேலே ஏறி நல்ல தண்ணீரை ஊற்றினார். தம்பி கீழே வடிவதைப் பார்த்தான். பழுப்பு, இளம்பழுப்பு, மறுபடி பழுப்பு. இதற்கு அக்கா தூது போக நேரமில்லை.

"போதும், தெளிஞ்சிருச்சு மச்சான்!"

மேலே வாளி அப்படியே நின்றது. "நல்லாப் பாத்தியாடா?"

"கண்ணாடி மாதிரி இருக்கு மச்சான்."

கழுவி முடித்து, பெட்டியில் இருந்த பச்சையை மட்டும் நிரப்பி, இருவரும் சேர்ந்து சக்கரத்தைச் சுற்றினார்கள். ஒரு இருமல். கரும்புகை. பிறகு தரை அதிர்ந்தது. அதிர்வு எங்கள் கால் வழியாக நெஞ்சுக்கு ஏறியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

முதலாளிக்கும் மகிழ்ச்சி. "இவ்வளவு சுத்தமா ஓடுதே, இதுக்கு எதுக்கு ரெண்டு ஆளு?" என்றார். மறுநாள் தம்பிக்குக் கணக்கு முடிந்தது.

அவன் துறைமுகத்துப் பக்கம் படகு இன்ஜின் வேலைக்குப் போனான். அங்கேயே வலை பின்னுகிறவர் மகளைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு அக்கா மட்டும் போய்வந்தாள். மச்சானுக்கு லீவு இல்லை. இரண்டு ஷிப்டும் அவர்தான். இன்ஜின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். காலடியில் முதலாளி மலிவாகப் புதிதாக வாங்கிய கூலன்ட் கேன். உள்ளே நீலம்.