செல்லாயி சாகிற அத்தியாயம்

திருச்செங்கோட்டில் தண்ணீருக்குப் போர் போடும் ரிக் வண்டி ஆபீஸ் ஒன்றின் மேனேஜர் அர்த்தநாரி, நாவல் எழுத ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் அறுபது பக்கம் ஓடியது. அப்புறம் கட்டைவண்டிதான். கதாநாயகன் நிலவனின் அம்மா செல்லாயி பதினோராம் அத்தியாயத்தில் ஆஸ்பத்திரியில் படுத்தாள். இரண்டு வருஷமாகப் படுத்தே கிடக்கிறாள். அவள் செத்தால்தான் மகன் ஊரை விட்டுப் போவான், கதை நகரும். சாகடிக்கத்தான் மனுஷனுக்குக் கை வரவில்லை. மழை பெய்ய வைத்துப் பார்த்தார், நாயை ஊளையிட வைத்துப் பார்த்தார். ஒன்றும் சரிப்படவில்லை.

“ஏனுங்க, அந்தம்மா இன்னுமா இழுத்துக்கிட்டுக் கெடக்குது?” என்று மனைவி அமுதவல்லி தோசை சுட்டபடியே கேட்பாள். விருந்துக்கு வந்த அவள் தங்கச்சியும் அதையே கேட்ட பிறகு, அர்த்தநாரி நாவலுக்கு ‘ரிக் ரிப்போர்ட்’ என்று பெயர் மாற்றி ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒளித்தார். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதைதான்.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை, சத்தீஸ்கரில் நிற்கும் வண்டிக்கு ரிப்போர்ட் அனுப்பும் அவசரத்தில் எழுபத்துநாலு பக்க நாவலை அந்த வண்டி ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டார். சாயங்காலம்தான் பார்த்தார். அழித்தும் பயனில்லை; ஏழு பேரும் படிக்க ஆரம்பித்திருந்தார்கள். அங்கே அடைமழை, வண்டி சேற்றில் நின்றது, வேறு வேலை கிடையாது.

புதன்கிழமை காலையில் அந்த வண்டியின் டிரில்லர் ராசு போனில் கூப்பிட்டார். “மேனேஜருங்க, நாலாம் அத்தியாயத்துல அந்த நிலவன் கேசிங் பைப்பே எறக்காம எரநூறு அடி ஓட்டறானுங்களே! மேல பூரா மண்ணு. சரிஞ்சு போரு மூடிக்காதுங்களா?”

அர்த்தநாரிக்கே இது தோன்றாமல் போயிற்றே. பதினைந்து வருஷமாகக் கேசிங் பைப்புக்கு பில் போடுகிற ஆள்! அந்தப் போரில் வந்த தண்ணீரை நம்பித்தான் நிலவனின் கல்யாணமும் பங்காளிச் சண்டையும் இருந்தன. போர் மூடினால் நாற்பது பக்கம் மண்ணோடு போச்சு. அவமானத்தில் காது சுட்டது.

“நாவலுமாச்சு, கருமமுமாச்சு! இன்னையோட அழிச்சுப்போடறேன் ராசு,” என்றார். வெறும் வாய்ப்பேச்சில்லை, மௌஸில் கை வைத்தாயிற்று.

“இருங்க, இருங்க. கைலாசம் என்னமோ கேக்கோணுமாம்.”

கைலாசம் அந்த வண்டியின் சமையல்காரன். மழைச் சத்தத்துக்கு மேலே கத்தினான். “செல்லாயம்மா பொழைச்சுக்குவாங்களாங்க?”

“இன்னும் எழுதலப்பா.”

“அப்பக் கொன்னுப்போடாதீங்க சாமி. நாங்க ஊட்டுக்குப் போயிப் பத்து மாசமாச்சு. எல்லாத்துக்கும் ஊட்டுல அம்மா இருக்குதுங்க.”

அர்த்தநாரி மௌஸிலிருந்து கையை எடுத்தார். இவர்கள் கேட்ட லீவைத் தள்ளித் தள்ளிப் போட்ட புண்ணியவான் தான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. “ராசு, மழை விட்டதும் ரெண்டு ரெண்டு பேரா ஊருக்கு வாங்க,” என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தார்.

செல்லாயி கண்ணைத் திறந்து ரசஞ்சோறு கேட்டாள். டாக்டர் திட்டினார், அவள் திருப்பித் திட்டினாள். மத்தியானத்துக்குள் ஐந்து பக்கம். அம்மா பிழைத்துவிட்டாள், மகன் ஊரை விட்டுப் போக இனி வழியில்லை. மேற்கொண்டு கதை எங்கே போகும் என்று அவருக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. இருந்தும் ஐந்து பக்கத்தையும் அதே குரூப்பில் போட்டார், இந்த முறை தெரிந்தே.

ஒரு மணி நேரம் கழித்துக் கைலாசத்தின் குரல் குரூப்பில் வந்தது. “அம்மாவுக்குப் போன் போட்டுப் படிச்சுக் காட்டுனனுங்க. ரசஞ்சோத்துக்குத் தொட்டுக்க என்ன குடுத்தாங்கன்னு கேக்குது.”