ஒட்டகத்துக்குப் பின்னால் நிற்கிறவன்

போனில் வந்த படத்தில் ஒட்டகத்துக்குப் பின்னால் நின்றவனை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினேன். முகம் கட்டம் கட்டமாகக் கலைந்ததுதான் மிச்சம். ஒட்டகக்காரனாகத்தான் இருக்கும். ஆனாலும் மனசு ஆறவில்லை. அமல்ராஜும் இப்படித்தான் ஒரு தோளைச் சாய்த்து நிற்பான்.

அமல்ராஜ் என் புருஷன். ப்ரீதிக்கு ஐந்து வயதாக இருக்கும்போது ஏசி மெக்கானிக்காக துபாய்க்குப் போனவன். இரண்டு வருஷம் போனில் பேசினான், அப்புறம் அதுவும் நின்றது. அங்கே வேறு குடும்பம் என்று கேள்வி. இப்போது ப்ரீதி ஒன்பதாவது படிக்கிறாள். போன வருஷம் பள்ளியில் பக்கத்திலிருக்கிற கடக்வாஸ்லா அணைக்கு கேம்ப் கூட்டிப்போனபோது வெயில் ஆகாது என்று வீட்டிலேயே படுத்துக்கொண்ட மகாராணி, இந்த வருஷம் துபாய், பாலைவனம் என்று நோட்டீஸ் வந்ததும் ஒற்றைக்காலில் நின்றாள். எனக்கு அன்றே பொறி தட்டியது.

"அப்பாவப் பாக்கத்தான போற?" என்று கேட்டேன்.

"அரே அம்மா! டெசர்ட்ல ஃபாக்ஸ் இருக்கு. அது பாக்கணும், அவ்ளோதான்."

நரியாம். யார் காதில் பூ சுற்றுகிறாள்?

விமானம் ஏறினாள். நான் வேலை பார்க்கும் விஷ்ராந்த்வாடி கண் ஆஸ்பத்திரியில் ஒரு கையால் டோக்கன் கொடுத்துக்கொண்டு மறு கையால் போனைத் தடவினேன். பெற்றோர் குரூப்பில் வந்த படங்களில் பெண்ணை விட்டுவிட்டு ஆம்பிளைகளைத் தேடினேன். மணல்மேட்டில் பிள்ளைகள் பல்லித் தடத்தைக் குனிந்து பார்க்கிறார்கள். நான் ஜீப் டிரைவரைப் பார்க்கிறேன். மெட்ரோ ரயிலில் ப்ரீதி சிரிக்கிறாள்; யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள்? சே, என்ன புத்தி இது என்று எனக்கே வெறுப்பாக இருந்தது. அதற்காக விட்டுவிட முடியுமா? அப்பனோடு அவள் ஒட்டிக்கொண்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

நாலாம் நாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது பிள்ளைகளோடு போயிருந்த சாவித்ரி மிஸ் போனில் கூப்பிட்டார். ஓட்டல் வாசலில் ஒருவர் நிற்கிறார், ப்ரீதியின் அப்பா என்கிறார், நீங்கள் சம்மதித்தால்தான் விடுவோம் என்றார் இந்தியில்.

ப்ரீதிதான் வரச் சொன்னாளா என்று கேட்டேன். இல்லையாம். உங்கள் ஸ்டேட்டஸைப் பார்த்து வந்ததாகச் சொல்கிறார் என்றார்.

தூக்கிவாரிப்போட்டது. வேலூரில் நாத்தனார் வயிறெரியட்டும் என்று, நாளுக்கு நாலு படமும், ஓட்டல் பெயரோடு பள்ளியில் கொடுத்த பயணத் தாளும் ஸ்டேட்டஸில் போட்டது நான்தான். பார்த்தவர்கள் பட்டியலைத் திறந்தேன். 'ப்ரீதி அப்பா' என்று இருந்தது. அந்த நம்பரை அழிக்காமல் வைத்திருந்ததும் நான்தான். அவனும் என்னுடையதை அழிக்கவில்லை போலிருக்கிறது.

மிஸ் போனை ப்ரீதியிடம் கொடுத்தார்.

"அம்மா, நீதான அவர வரச் சொன்ன?" என்றாள். "என்ன அவர்கிட்ட விட்டுடப் போறியா? அதுக்குதான் அனுப்பினியா?"

அடிப்பாவி என்று வாய்வரை வந்தது, அழுகை முந்திக்கொண்டது. "இல்லடி கண்ணு. சத்தியமா இல்ல. உங்கம்மாவோட கிறுக்குத்தனம்டி இது. ஸ்டேட்டஸ்ல நாந்தான் எல்லாத்தையும் போட்டேன்."

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன்.

"உனக்குப் பாக்கணும்னா பாரு. வேணாம்னா மிஸ்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன்."

"ரூம்ல இருந்து தெரியறார். ஜன்னல் பர்தா கேப்ல பாக்கறேன்."

"எப்படி இருக்காரு?" கேட்டதும் என் நாக்கையே கடித்துக்கொண்டேன்.

"முடி இல்ல. கைல பெரிய கவர். அம்மா, மேல பாக்கறார்."

அப்புறம் அவள் மூச்சு மட்டும் கேட்டது. ஜன்னல் திரையின் வளையங்கள் கம்பியில் சரசரவென்று ஓடின. திறந்தாளா மூடினாளா, தெரியவில்லை.